எலி வாடை அடிக்கும் கை

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வீட்டில் பாம்பு வளர்க்கும் ஒருவரிடம், "இதுவரை கடி வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். எப்போது என்று கேட்டால், "எலி கொடுக்கும்போதுதான்" என்பார். கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுத்தபோது கடித்தது என்று சொல்பவர்கள் குறைவு. பசித்த பாம்புக்கும் இரையை நீட்டும் விரலுக்கும் நடுவில் உள்ள ஒரு சாண் இடைவெளிதான் ஆபத்தான இடம். அங்கே பழகிய பாம்பும் கடிக்கும். பத்து வருடமாக அதே வீட்டில் இருக்கும் பாம்பும் கடிக்கும்.

பாம்பின் கடியில் இரண்டு வகை உண்டு. ஒன்று பயத்தில் கடிப்பது. கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுக்கும், சீறும், பாயும், பல் பட்டதும் விட்டுவிட்டுப் பின்வாங்கும். எதிரே நிற்பது விலகிப் போனால் அதற்குப் போதும். இன்னொன்று இரைக் கடி. இதில் சீற்றமும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. நாக்கு வேகவேகமாக வெளியே வந்து உள்ளே போகும், தலை மெல்ல முன்னேறும், பிறகு ஒரே பாய்ச்சல். கவ்வியதை விடாது. மலைப்பாம்பு, போவா, கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக் என்று வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் நஞ்சற்ற இனங்கள் எல்லாம் இறுக்கிக் கொல்பவை. ஆகவே கவ்விய கையோடு இரண்டு மூன்று சுற்றும் சுற்றிவிடும். புதிதாக வளர்க்கத் தொடங்குகிறவர் பயப்படுவது முதல் வகைக் கடிக்கு. கடைசியில் வாங்குவதோ இரண்டாவது வகையை.

பயந்த பாம்பைப் பொறுமையாகப் பழக்கிவிடலாம். பசித்த பாம்பிடம் அந்த வித்தை செல்லாது. வளர்ப்பவர் யார் என்ற கேள்வியே அந்த நேரத்தில் அதற்கு எழுவதில்லை. இரை என்பது பாம்புக்கு ஒரு வாடை, கொஞ்சம் சூடு, ஓர் அசைவு. மூன்றும் சேர்ந்து வந்தால் அது எலியாகவும் இருக்கலாம், எலியைப் பிடித்திருக்கும் கையாகவும் இருக்கலாம்.

வாடை எவ்வளவு தூரம் பாம்பை ஆட்டிவைக்கிறது என்பதைக் கார்டன் பர்கார்ட் என்ற அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் 1960களில் மிக எளிய ஒரு சோதனையால் காட்டினார். மண்புழு, மீன் போன்றவற்றின் தோலிலிருந்து சாறு எடுத்தார். பஞ்சு சுற்றிய குச்சியை அதில் தோய்த்து, பிறந்த பிறகு ஒரு வேளைகூட இரை எடுக்காத கார்ட்டர் பாம்புக் குட்டிகளின் முன்னால் நீட்டினார். குட்டிகள் நாக்கைப் படபடவென்று நீட்டின. பிறகு பஞ்சையே பாய்ந்து கடித்தன. வெறும் தண்ணீரில் தோய்த்த பஞ்சுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. எந்த இனம் வெளியில் எதைத் தின்று வாழ்கிறதோ, அந்த இனத்தின் குட்டி அந்தப் பிராணியின் சாற்றுக்கே அதிகம் கிளர்ந்தது. தாய் கற்றுக்கொடுக்கவும் இல்லை, முன் அனுபவமும் இல்லை.

பாம்பின் பிளந்த நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள வேதித் துகள்களை ஒற்றி எடுக்கும் கருவி. எடுத்ததை மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பிடம் அது சேர்க்கிறது. அங்கிருந்து வரும் சேதியை வைத்து 'இது இரை' என்று மூளை முடிவு செய்கிறது. எலியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் கூண்டுக்குள் விடும் கை, பர்கார்டின் பஞ்சுக் குச்சிக்குச் சமம். வீட்டில் முயலோ வெள்ளை எலியோ செல்லமாக இருந்தால், அதைக் கொஞ்சிய கைக்கும் இதே கதி. பாம்பைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது சுத்தத்துக்காகச் சொல்லப்படும் விதி போலத் தோன்றும். பாதி அதுதான், மீதிப் பாதி, கையிலிருந்து எலியை அழிப்பதற்கு.

அடுத்தது சூடு. மலைப்பாம்புகளின் உதட்டு ஓரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ராட்டில் ஸ்நேக் போன்ற குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய குழி இருக்கிறது. எதிரே உள்ள பொருள் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடு என்பதை இருட்டிலும் இவை உணர்கின்றன. எப்படி உணர்கின்றன என்பதற்கு 2010இல் விடை கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடத்தினர், குழிகளில் வந்து முடியும் நரம்பில் டிஆர்பிஏ1 என்ற புரதம் குவிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ராட்டில் ஸ்நேக்கில் அது 28 டிகிரி செல்சியஸை ஒட்டித் தூண்டப்படுகிறது. இதே புரதம் நம் உடலிலும் உண்டு. அரைத்த கடுகின் நெடி மூக்கில் ஏறும்போது எரிவதை நமக்குச் சொல்வது அதுதான். நமக்குக் கடுகு நெடியை அறிவிக்கும் புரதத்தைப் பாம்பு வெப்பமானி ஆக்கிக்கொண்டது. வெப்பம், தொடுதல் ஆகியவற்றை நரம்புகள் உணரும் விதம் குறித்த ஆய்வுகளுக்காக ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வளர்ப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுப் பாம்புகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது உறைந்த எலி. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பனி இளகியதும் அப்படியே இடுக்கியில் பிடித்து நீட்டினால் எலியின் உடல் அறைச் சூட்டைவிடக் குளிர்ந்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் கையோ 32, 33 டிகிரியில் இருக்கும். அறை முழுக்க எலி வாடை, முன்னால் குளிர்ந்த ஏதோ ஒன்று, அதற்குப் பின்னால் இதமான சூட்டில் அசைகிற இன்னொன்று. வீட்டில் வளரும் பந்து மலைப்பாம்பு (ball python) எதைத் தேர்ந்தெடுக்கும்? அது செய்வது பிழையென்றே சொல்ல முடியாது. தன் புலன்கள் சொன்னபடி சரியான இலக்கைத்தான் அடிக்கிறது. பொருளை மாற்றி வைத்தவர் வளர்ப்பவர்.

அடித்த பிறகு கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வீண். லூசியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பென்னிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் நஞ்சற்ற டெக்சஸ் ரேட் ஸ்நேக்கின் பாய்ச்சலை, ராட்டில் ஸ்நேக், காட்டன்மவுத் ஆகிய இரண்டு விரியன்களின் பாய்ச்சலோடு அதிவேகக் கேமராவில் ஒப்பிட்டார்கள். விரியன்தான் வேகம் என்ற பழைய நம்பிக்கை அதில் உடைந்தது. மூன்றும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் பாய்ந்தன. இலக்கை எட்ட ஆன நேரம் 100 மில்லிவிநாடிக்கும் குறைவு. நாம் ஒருமுறை கண் இமைக்க ஏறத்தாழ 200 மில்லிவிநாடி ஆகிறது. பாம்பு வருவதைப் பார்த்து விலகியதாகச் சொல்பவர், பாம்பு குறி தவறியதைத்தான் பார்த்திருக்கிறார். கையின் சுறுசுறுப்பு உதவாது, இடைவெளிதான் உதவும். சாதாரணமாகப் பாம்பு தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எட்டிப் பாயக்கூடியது. நான்கடிப் பாம்புக்கு இரண்டடிக்கு மேல் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் கை தப்பும்.

அதனால்தான் அனுபவசாலிகள் விரலால் எலியின் வாலைப் பிடித்துத் தொங்கவிடுவதில்லை. சிறு பாம்புக்கே ஓரடிக்குக் குறையாத நீள இடுக்கி வேண்டும். பெரிய பாம்புக்கு இன்னும் நீளம். வெறும் இரும்பு முனையைக் கவ்வினால் பாம்பின் பல் உடையும், ஈறு கிழியும். முனையில் ரப்பர் உறை இருப்பது நல்லது. எலியின் இடுப்புப் பகுதியைப் பிடித்து, அதன் தலை பாம்பின் பக்கம் இருக்கும்படி, மேலிருந்து இறக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். மேலிருந்து வருவது பருந்தாக இருந்துதான் பாம்புக்குப் பழக்கம். லேசாக அசைத்தால் போதும். ஆட்டம் காட்டத் தேவையில்லை. பாம்பு கவ்வியதும் இடுக்கியை விட்டுவிட்டு, கதவை மூடி, அங்கிருந்து போய்விட வேண்டும். கவ்வியபின் நின்று வேடிக்கை பார்ப்பவரையும், விழுங்கும்போது தொட்டுப் பார்ப்பவரையும் பாம்பு இரையை விட்டுவிட்டுத் திரும்பி அடிக்கலாம்.

உறைந்த எலியை முந்தைய நாள் இரவே பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் சுடுநீரில் வைத்து 38 முதல் 40 டிகிரி வரை சூடாக்குவது வழக்கம். வயிற்றை அழுத்திப் பார்த்தால் உள்ளே பனிக்கட்டி தட்டக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: ஓரிடம் வெந்து, ஓரிடம் உறைந்தே கிடக்கும், சில சமயம் வெடித்தும்விடும். அதைச் சுத்தம் செய்தவர் இரண்டாம் முறை முயன்றதாக வரலாறு இல்லை. சமையலறைப் பாத்திரத்தையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. குளிர் சால்மொனெல்லா கிருமியைக் கொல்வதில்லை. 2010இல் அமெரிக்காவில் பாம்புத் தீனிக்காக விற்கப்பட்ட உறைந்த எலிகளிலிருந்து மனிதர்களுக்கு அந்தத் தொற்று பரவி, விற்ற சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே எலிகள் ஏற்றுமதியான இங்கிலாந்திலும் நோய் பரவியிருந்தது. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர், பாம்பின் சாப்பாட்டைக் கையாண்டு வயிற்றுப்போக்கோடு போகக்கூடும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடவே கூடாது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்வதும் இந்தக் கிருமியை நினைத்துத்தான்.

உயிருள்ள எலியைக் கொடுப்பதுதான் 'இயற்கை' என்று வாதிடுவோர் எங்கும் இருக்கிறார்கள். வயலில் எலிக்கு ஓடப் பொந்து உண்டு, பாம்புக்கு விலகப் புதர் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் போக்கிடம் இல்லை. பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க அடைக்கப்பட்ட எலி, பாம்பின் முதுகைக் கடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். முதுகெலும்பு தெரியுமளவு குதறப்பட்ட பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் நிறையவே பார்க்கிறார்கள். இயற்கை என்ற சொல்லை இவ்வளவு மலிவாகப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. செத்த எலி பாம்புக்கும் பாதுகாப்பு, எலிக்கும் வதை குறைவு.

கூண்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சாப்பாடுதான் வருகிறது என்று பாம்பு கற்றுக்கொண்டால், வெறும் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றப் போன கையும் அடிபடும். இதற்கு வளர்ப்பவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி மிகச் சாதாரணமானது. தூக்குவதற்காகவோ சுத்தம் செய்வதற்காகவோ திறக்கும்போதெல்லாம் பாம்புக் கொக்கியால் அதன் உடலை முதலில் மெல்லத் தொடுகிறார்கள் அல்லது தலையை லேசாக ஒதுக்குகிறார்கள். கொக்கிக்கு வாடை இல்லை, சூடும் இல்லை. தொடுதல் வந்தால் இரை வராது என்பது சில வாரங்களில் பாம்புக்குப் பதிந்துவிடுகிறது. நாக்கின் படபடப்பு அடங்கி, முன்னால் நீண்ட தலை பின்வாங்குகிறது. எலி கொடுக்கும் நாளில் மட்டும் கொக்கி வராது. பாம்புக்குப் பாடம் சொல்ல முடியாது என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கூண்டுக்குள் கொடுக்கக் கூடாது, தனிப் பெட்டிக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் எல்லாக் கையேடுகளும் சொல்லின. அப்படிச் செய்தால் கூண்டையும் சாப்பாட்டையும் பாம்பு முடிச்சுப் போடாது என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: எலியை விழுங்கி முடித்து, இன்னும் வாடை போகாமல், அடுத்த எலி எங்கே என்று நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாம்பை வெறுங்கையால் தூக்கித் திரும்பக் கூண்டில் விட வேண்டும். கடி வாங்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது. வயிறு நிறைந்த பாம்பை அசைத்தால் இரையைக் கக்கிவிடும் ஆபத்து வேறு. இன்று பலரும் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஒரே கூண்டில் இரண்டு பாம்புகள் இருந்தால் மட்டும் பிரித்தே ஆக வேண்டும். ஒரே எலியை இரு முனையிலிருந்தும் விழுங்கத் தொடங்கினால், நடுவில் சந்திக்கும்போது பெரிய பாம்பு நிறுத்துவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு கடித்துவிட்டால்? பாம்பின் பற்கள் எல்லாம் தொண்டையை நோக்கிப் பின்வளைந்தவை. மேல்தாடையில் நான்கு வரிசை, கீழ்த்தாடையில் இரண்டு. இடது தாடை முன்னே நகர்ந்து கொக்கி போட, வலது விடுபட்டு அதைத் தாண்டி நகர்கிறது. மாறி மாறி இப்படி இரையின் மேல் நடந்து அதை உள்ளே இழுக்கிறது. கவ்விய கையை வெடுக்கென்று இழுப்பது அந்தப் பற்களுக்கு எதிர்த்திசையில் இழுப்பது. தோல் கோடு கோடாகக் கிழியும், பல் முறிந்து சதைக்குள் தங்கும், பாம்பின் தாடையும் கெடும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: கையை அசைக்காமல், பாம்பின் தலையை மெதுவாக முன்னோக்கித் தள்ளினால் வளைந்த பற்கள் சதையிலிருந்து கழலும். குழாய்க் குளிர்நீரை ஓடவிடலாம். அதற்கும் விடாவிட்டால் அதன் வாயோரம் சில துளி ஸ்பிரிட்டோ வாய் கொப்பளிக்கும் மருந்தோ வைத்தால், பிடிக்காத அந்த நெடிக்கு வாயைத் திறந்துவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றியிருந்தால் வால் முனையிலிருந்து பிரிக்க வேண்டும். தலைப்பக்கம் தொடங்கினால் இறுக்கம்தான் கூடும். பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, பல் துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசி போட்டு நெடுநாளாகியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும்.

சுற்றிய பாம்பு ஏன் சீக்கிரம் விடுவதில்லை என்பதற்குப் பென்சில்வேனியாவில் டிக்கின்சன் கல்லூரியின் ஸ்காட் போபாக் செய்த ஆய்வுகள் நல்ல துப்புக் கொடுக்கின்றன. 2012இல் அவர் குழு, செத்த எலிகளின் உடலுக்குள் தண்ணீர் நிரப்பிய சிறு பைகளைப் பொருத்தி, வெளியிலிருந்து அழுத்தி, செயற்கையாக இதயம் துடிக்க வைத்தது. போவாக்களுக்கு அவற்றைக் கொடுத்தார்கள். 'இதயம்' துடித்துக்கொண்டே இருந்தவரை போவா இறுக்கத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து நீடித்தது. துடிப்பை நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் தளர்த்தியது. இரையின் இதயத் துடிப்பைப் பாம்பு தன் உடலால் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2015இல் அதே குழு இன்னொரு பழைய நம்பிக்கையையும் அசைத்தது. போவா மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றுதான் பள்ளிப் புத்தகம் முதல் திரைப்படம் வரை சொல்லி வந்தார்கள். எலியின் ரத்தக் குழாயில் அளந்து பார்த்தபோது, சுற்றிய ஆறே விநாடிகளில் தமனியின் அழுத்தம் பாதியாக விழுந்திருந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோவதால்தான் எலி சாகிறது, மூச்சுத் திணறல் வந்து சேர்வதற்கு முன்பே. மனிதக் கையைச் சுற்றிய சிறு பாம்பால் இதெல்லாம் நடக்காது. ஆனால் நாடி துடிக்கிற, உதறுகிற கை, அதன் கணக்கில் இன்னும் சாகாத இரை என்று ஊகிப்பதில் தவறில்லை. கையை ஆட்டாமல் வைத்திருங்கள் என்று வளர்ப்பவர்கள் சொல்வதற்குப் பின்னால் ஆய்வுக்கூட நியாயமும் இருக்கிறது.

பெரிய பாம்பென்றால் கதை வேறு. எட்டடியைத் தாண்டிய மலைப்பாம்புக்கு இரை கொடுக்கும்போது இரண்டாவது ஆள் அறையில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். 2017இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இளைஞர் ஒருவர் இறந்ததற்கு, அவர் வளர்த்த 2.4 மீட்டர் நீள ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பே காரணம் என்று மரண விசாரணை முடிவு செய்தது. அது இரை கொடுக்கும்போது நடந்ததாகத் தெரியவரவில்லை. தனியாக இருந்தபோது நடந்தது என்பதே இங்கு முக்கியம்.

மேலே சொன்ன முதலுதவியெல்லாம், நஞ்சில்லை என்று ஐயமறத் தெரிந்த வளர்ப்புப் பாம்புக்கு மட்டும். நம் ஊர் வயலிலோ வீட்டுக் கொல்லையிலோ எந்தப் பாம்பு கடித்தாலும் தலையைத் தள்ளுவது, ஸ்பிரிட் வைப்பது, கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'நஞ்சில்லை' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் சென்கென்பெர்க் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ராபர்ட் மெர்ட்டன்ஸ், இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஊர்வன அறிஞர்களில் ஒருவர். 1975 ஆகஸ்டில், தான் வளர்த்த ஆப்பிரிக்கக் குச்சிப்பாம்புக்கு இரை கொடுக்கும்போது கடி வாங்கினார். விரல் பருமனுக்கு ஒரு பாம்பு. நச்சுப் பற்கள் வாயின் பின்பகுதியில் இருக்கும். அந்த நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுத்துவிடும். அதற்கென்று முறிமருந்து கிடையாது. உடலில் நடப்பதைக் குறித்துவைத்துக்கொண்டே 18 நாட்கள் போராடி இறந்தார். பாம்பு பற்றி அவருக்குத் தெரியாத ஏதாவது இருந்திருக்குமா? இரை கொடுக்கும் கை என்ற விஷயத்தில் பட்டப்படிப்புக்கு மதிப்பெண் கிடையாது.

சாப்பாடு முடிந்த பிறகு குறைந்தது 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது. அந்த வயிற்றுக்குள் அப்போது நடப்பது ஒரு பெரிய கட்டுமான வேலை. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் பர்மிய மலைப்பாம்பு, செலவை மிச்சப்படுத்தத் தன் குடலையே சுருக்கி வைத்திருக்கிறது. இரை இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்ப எழுப்புகிறது. ஸ்டீபன் சீக்கோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் அளந்தபோது, மிகப் பெரிய இரைக்குப் பின் வளர்சிதை மாற்ற வேகம் 40 மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 2005இல் வெளியான இன்னொரு ஆய்வில், இரண்டே நாளில் அதன் இதயத்தின் எடை 40 சதவீதம் கூடியிருந்தது. செரிமானம் முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். இதற்கெல்லாம் தேவையான சூட்டைப் பாம்பு தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, கூண்டிலிருந்துதான் எடுக்கிறது. பந்து மலைப்பாம்பின் கூண்டில் ஒரு மூலை 31, 32 டிகிரியில் இல்லாவிட்டால் எலி செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கி, பாம்பு கக்கிவிடும். கக்கிய பாம்பின் தொண்டை அமிலத்தில் வெந்திருக்கும். அதற்கு மறுநாளே இன்னொரு எலி கொடுப்பது இரக்கமல்ல. இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்குத் தராசு தேவையில்லை: பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் பருமன் எவ்வளவோ, எலியின் பருமனும் அவ்வளவு. குட்டிக்கு வாரம் ஒன்று. வளர்ந்ததற்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒன்று. சீக்கிரம் பெரிதாக்க அடிக்கடி தீனி போடுபவர்கள் உண்டு. அப்படி வளர்ந்த பாம்பு கொழுத்து, ஈரலில் கொழுப்பு படிந்து, ஆயுளுக்கு முன்பே சாகிறது. முறையாக வளர்த்தால் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகம் சாட்சி. 2020இல் அங்கே 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் பந்து மலைப்பாம்பு முட்டையிட்டது, ஆண் துணை பார்த்துப் பல ஆண்டுகள் ஆன பிறகு.

இதே பந்து மலைப்பாம்பு தின்ன மறுப்பதிலும் பேர் வாங்கியது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் எலியைத் திரும்பிப் பார்க்காது. சட்டை உரிக்கும் வாரத்தில் எந்தப் பாம்பும் அப்படித்தான். கண்மேல் உள்ள தோல் பால் போல மங்கி, பார்வை தெளிவில்லாமல், எதைக் கண்டாலும் மிரளும். உடல் எடை குறையாதவரை பயப்பட ஒன்றுமில்லை. பதறிப்போய் தினமும் எலியை நீட்டுவதுதான் தவறு. பாம்புக்கு மன உளைச்சல், நீட்டுகிறவருக்குத் தினம் ஒரு கடி வாய்ப்பு. இரவு வைத்த எலி காலையிலும் அப்படியே கிடந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். திரும்ப உறைய வைக்கக் கூடாது.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டு இனங்களோ வந்துகொண்டே இருக்கின்றன. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், மலேசியாவிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. சென்னை விமான நிலையத்தில் பந்து மலைப்பாம்பு பிடிபடுவது செய்தியாகவே இல்லாமல் போய்விட்டது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்று 2022இன் சட்டத் திருத்தம் சொல்கிறது. பெட்டிக்குள் துணிப்பையில் முடிச்சிட்டு வந்த குட்டியை ரகசியமாக வாங்குகிறவருக்கு, சூடு எவ்வளவு வேண்டும், எலி எவ்வளவு பெரிது என்று யாரும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. பால் ஊற்றிப் பார்க்கிறவரும் இருப்பார். புற்றில் பால் ஊற்றுவது வழிபாடு, அதில் நான் தலையிடவில்லை. கூண்டுப் பாம்புக்குப் பால் உணவல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும். பாம்பாட்டிகள் நாக பஞ்சமிக்கு முன் பாம்பைத் தண்ணீரில்லாமல் போட்டுவைப்பதும் அதற்காகத்தான்.

எலியும் வேண்டாம், கடியும் வேண்டாம், பாம்பு மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு இனம் இருக்கிறது: ஆப்பிரிக்காவின் முட்டை தின்னிப் பாம்பு. பறவை முட்டையைத் தவிர வேறெதையும் தொடாது. வாயில் பல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. முட்டையை முழுதாக விழுங்கி, தொண்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முதுகெலும்பு முட்களால் உடைத்து, உள்ளிருப்பதை மட்டும் இறக்கிவிட்டு ஓட்டைச் சுருட்டித் துப்பிவிடும். வளர்ப்பது மட்டும் சுலபமில்லை. குட்டிக்குக் காடை முட்டைகூடப் பெரிது. சிட்டு போன்ற சின்னஞ்சிறு பறவைகளின் முட்டையைத் தேடி அலைய வேண்டும். அதோடு, கடிக்கப் பல்லில்லாத இந்தப் பாம்பு கூண்டைத் திறந்ததும் சுருட்டை விரியனைப் போலவே உடலைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசிச் சரசரக்கும், வாயை ஆவென்று பிளந்துகொண்டு பாயும்.